வேலையில்லாத ஆண்டுகளை மறைக்க வேண்டாம்

அன்புள்ள அம்மா,

வணக்கம். உங்கள் மகள் 2022இல் மின்னியல் பொறியியல் முடித்துவிட்டு அரசுத் தேர்வுகளுக்குப் படித்ததையும், இப்போது போகிற நேர்காணல்களில் எல்லாம் "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுவதையும் எழுதியிருந்தீர்கள். அவளிடம் என்ன குறை என்றும் கேட்டிருந்தீர்கள். குறை தேடுவதை முதலில் நிறுத்துங்கள். வேலையில் இல்லாதவரை எடுக்கத் தயங்குவது பல நாடுகளில் உள்ள வழக்கம். "நல்ல ஆளாக இருந்தால் இந்நேரம் யாராவது எடுத்திருப்பார்களே" என்ற நினைப்புதான் அதற்கு அடிப்படை. அநியாயமான நினைப்பு அது.

அமெரிக்காவில் ஆய்வாளர்கள் சுமார் 3,000 வேலைகளுக்கு ஏறத்தாழ 12,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவு இது: தகுதியில் குறைவில்லாதவர்களுக்கும், வேலையில்லாத மாதங்கள் கூடக்கூட அழைப்புகள் குறைந்தன. சரிவு பெரும்பாலும் முதல் எட்டு மாதங்களிலேயே முடிந்துவிட்டது. உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். இன்னும் ஒரு மாதம் போனால் எல்லாம் போய்விடும் என்று பதறிக் கிடைத்ததில் விழ வேண்டியதில்லை. ஸ்வீடனில் நடந்த இதே போன்ற ஆய்வு இன்னும் தெம்பு தருகிறது. அங்கே உயர்ந்த திறன் கேட்காத வேலைகளில், அப்போதும் நீண்ட காலமாக வேலையின்றி இருந்தவர்களைத்தான் நிறுவனங்கள் ஒதுக்கின. முன்பு வேலையின்றி இருந்து, பிறகு ஏதோ ஒரு வேலையில் சேர்ந்துவிட்டவர்களின் பழைய இடைவெளியை அவை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

'வேலையில் இல்லாதவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்' என்று விளம்பரம் செய்வதை நியூ ஜெர்சி மாநிலம் 2011இல் சட்டம் போட்டுத் தடுத்தது. நம்மிடம் அப்படியொரு சட்டம் இல்லை. 'இந்த ஆண்டு முடித்தவர்கள் மட்டும்' என்று வெளிப்படையாகவே போடுகிறார்கள். அந்த விளம்பரங்களை விட்டுவிடுங்கள்.

பணம் கொடுத்தால் இரண்டு ஆண்டு அனுபவச் சான்றிதழ் தருவதாக ஒருவர் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். பெரிய நிறுவனங்கள் சேர்க்கும்போது பின்னணிச் சோதனை நடத்துகின்றன. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் எந்த நிறுவனம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று பதிவாகியிருக்கும். சான்றிதழில் இருக்கும் இரண்டு ஆண்டு அங்கே இல்லாவிட்டால் கேள்வி வரும். வேலையில் சேர்ந்து ஆறு மாதம் கழித்துப் பிடிபட்டாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். இடைவெளிக்கு விளக்கம் சொல்ல முடியும், மோசடிக்கு முடியாது.

நீங்கள் அனுப்பிய விண்ணப்பத்தைப் பார்த்தேன். பட்டம், மதிப்பெண், கல்லூரித் திட்டப்பணி; அதற்குப் பிறகு வெறுமை. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில், போகிற போக்கில், அவள் குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் தேறியதாக எழுதியிருக்கிறீர்கள்! லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வு அது. அதை ஏன் மறைக்க வேண்டும்? '2022–2025: போட்டித் தேர்வுத் தயாரிப்பு, குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் தேர்ச்சி' என்று பட்டத்துக்கு மேலேயே எழுதச் சொல்லுங்கள். மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததையும் ஒரு வரி சேர்க்கலாம்.

நேர்காணலில் கேட்டால் அவள் மூன்று வாக்கியம் சொன்னால் போதும்: "அரசுத் தேர்வுக்குப் படித்தேன். முதல்நிலையில் தேறினேன், முதன்மைத் தேர்வில் கிடைக்கவில்லை. இப்போது என் துறையிலேயே வேலை பார்க்க வந்திருக்கிறேன்." அதற்கு மேல் விளக்கினால் மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடும். வீட்டில் நீங்கள் கேட்க, அவள் சத்தமாகச் சொல்லிப் பழகட்டும்.

முதல் வேலை பெரிய பெயராக இருக்க வேண்டும் என்று பார்க்காதீர்கள். உங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில் மின்பலகை செய்யும் சிறிய பட்டறையானாலும் போதும். சம்பளச் சீட்டு தருகிறார்களா, வைப்பு நிதி பிடிக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். அத்தகைய இடங்களில் முதலாளியே நேரில் பார்த்துப் பேசி எடுக்கிறார். விண்ணப்பங்களைக் கணினியே வடிகட்டித் தள்ளும் முறை அங்கே குறுக்கே நிற்காது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் போகட்டும். சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் அறிவிப்புகளையும் பாருங்கள். அதிலும் படித்து முடித்த ஆண்டைப் பார்ப்பார்கள் என்பதால் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்த குரூப் தேர்வை எழுதலாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். எழுதினால் வேலை பார்த்துக்கொண்டே எழுதட்டும். "தேர்வில் தேறினால் போய்விடுவீர்களா?" என்று நிறுவனத்தில் கட்டாயம் கேட்பார்கள். அதற்கு அவள் மனத்தில் உள்ள உண்மையான பதில் எது என்று, உறவினர்கள் யாரும் இல்லாத நேரத்தில், நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.