க்யூப் டெஸ்ட் பாஸ், தொட்டிச் சுவர் மட்டும் ஏன் கசிகிறது?

கான்கிரீட் க்யூப் டெஸ்டில் பாஸாகியும் தண்ணீர்த் தொட்டிச் சுவர் கசிகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். க்யூப் டெஸ்ட், அதாவது கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் சோதனை, பலத்தைத்தான் சொல்லும், தண்ணீர் புகுமா என்று சொல்லாது. 28 நாள் தண்ணீரிலேயே கிடந்த க்யூபும், நான்கே நாள் நனைத்த உங்கள் தொட்டிச் சுவரும் ஒன்றல்ல.

எனக்கு உறுத்துவது, மேஸ்திரி கலவையை இளக்கக் கூடுதலாகத் தண்ணீர் விட்டதாக நீங்கள் எழுதியது. சிமென்டோடு சேராமல் மிஞ்சும் தண்ணீர் இருந்த இடமெல்லாம் நுண்துளைதான். ஈரம் இருக்கும்வரை, சிமென்டும் தண்ணீரும் சேர்ந்து உண்டாகும் சிமென்ட் ஜெல் வளர்ந்து, துளைக்குத் துளை போகும் வழியை அடைக்கும். சாதா போர்ட்லண்ட் சிமென்டில் நீர்-சிமென்ட் விகிதம் (தண்ணீரின் எடையை சிமென்டின் எடையால் வகுத்தது) 0.45 என்றால் இதற்குச் சுமார் 7 நாள், 0.6 என்றால் ஏறக்குறைய 6 மாதம்! 0.7-ஐத் தாண்டினால் எத்தனை நாள் நனைத்தாலும் முழுதாக அடையாது. துளை எவ்வளவு என்பதைவிட, அவை ஒன்றோடொன்று கோத்திருப்பதுதான் வில்லங்கம்.

கசிவைத் தடுக்கும் பூச்சுக்குச் செலவழிக்கும் முன், தொட்டியை நிரப்பி ஒரு வாரம் வெளிச்சுவரைக் கவனியுங்கள். பரவலான ஈரம் என்றால் பெரும்பாலும் நுண்துளை. கோடாக வந்தால் விரிசல் அல்லது வார்ப்பு இணைப்பு (ஒரு முறை கொட்டிய கான்கிரீட்டும் அடுத்த முறை கொட்டியதும் சேரும் இடம்). ஜல்லி தெரிகிற இடத்தில் திட்டாக வந்தால், கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் சரியாகப் போடவில்லை.

மெல்லிய விரிசல் வெள்ளைப் படிவு கட்டித் தானே அடைவதும் உண்டு. அதனால் அவசரம் வேண்டாம். ஆனால் துருக்கறை தெரிந்தால் காத்திருக்காமல் ஒரு பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.