அண்ணா, யார் பெரிய கிட்டார்காரர்? – ஒரு கேள்வி பதில்

வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையைப் பார்த்தபடி இருக்கும் ஒரு மாடி அறையில் பதினெட்டு வருடமாகக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். ரயில் போகும்போது பாடம் நிற்கும். ரொக், புளூஸ், மெட்டல் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், நீங்களும் விடவில்லை. சிலவற்றுக்கு நீளமாக, சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில்.

அண்ணா, உலகத்திலேயே பெரிய கிட்டாரிஸ்ட் யார்? ஹென்ட்ரிக்ஸ் தானே? (ஓ.எல். மாணவன், கொட்டாஞ்சேனை)

தம்பி, நான் இதை வேறு மாதிரிப் பார்ப்பேன். ஒருவரை வரலாற்றிலிருந்து உருவி எடுத்தால் எவ்வளவு இடிந்து விழும்? அதுதான் என் கணக்கு. ஹென்ட்ரிக்ஸை எடுத்தால் நிறைய விழும், சந்தேகமில்லை. இடக்கைக்காரர், வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, கம்பிகளை மாற்றிப் போட்டு வாசித்தார். அம்பிளிஃபயர் கத்துவதைக் கோளாறு என்று மற்றவர்கள் ஒதுக்கியபோது, அந்தக் கத்தலையே பிடித்து வசக்கி இசையாக்கினார். உயிரோடு இருக்கும்போது வெளியிட்ட ஸ்டூடியோ அல்பங்கள் மூன்றே மூன்று. 1970இல் 27 வயதில் போய்விட்டார்.

ஆனால் அதிகமாக இடிந்து விழுவது பிளாக் சப்பாத் என்ற மெட்டல் குழுவின் கிட்டாரிஸ்ட் டொனி ஐயோமியை எடுத்தால்தான் என்பேன். பர்மிங்காமில் ஒரு தகரத் தொழிற்சாலையில் வேலை, வயது 17. அன்றைக்கு அவருக்குக் கடைசி நாள். மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் இனிப் போகவில்லை என்று நின்றிருக்கிறார். ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா திருப்பி அனுப்பியிருக்கிறார். (நம் வீட்டு அம்மாக்களும் அதைத்தான் செய்திருப்பார்கள்.) திரும்பிப் போன இடத்தில் இயந்திரம் வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியையும் கொண்டுபோய்விட்டது. அவரும் இடக்கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்தும் கையே அதுதான்.

வாழ்க்கை முடிந்தது என்று இருந்தவருக்குத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்துக்குப் பிறகு இரண்டு விரல்களை வைத்தே சமாளித்த ஜாஸ் மேதை அவர். அதைக் கேட்டுவிட்டு ஐயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் போத்தலை உருக்கித் தொப்பி செய்து விரலில் மாட்டி, மேலே தோல் ஒட்டினார். தடித்த கம்பி வலித்ததால் மெல்லிய கம்பி போட்டார். அதற்கும் மேலாக 1971 அல்பத்தில் கிட்டாரின் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கினார். கம்பி தளர்ந்தது, விரலுக்குச் சுகம். கூடவே அந்த அடிவயிற்றுச் சத்தமும் வந்தது. பிளாக் சப்பாத்துக்குப் பின்னால் வந்த மெட்டல் குழுக்களில் பாதி அந்தச் சத்தத்தை வைத்துத்தான் குடித்தனம் நடத்துகின்றன.

தம்பி, என் மகன் கேட்கிற மெட்டல் எல்லாம் பேய்ப்பாட்டு என்கிறார்கள். உண்மையா? (ஒரு அம்மா, தெஹிவளை)

அக்கா, பயப்பட வேண்டாம். பிளாக் சப்பாத்தின் முதல் அல்பம் 1970 பெப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வந்தது. அதன் முதல் பாட்டில் மூன்றே மூன்று சுரம் திரும்பத் திரும்ப வரும்: சட்ஜம், மேல் சட்ஜம், பிரதி மத்திமம். சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள அந்த இடைவெளியை ஐரோப்பாவில் பிசாசு இடைவெளி என்று சொல்லிவந்தார்கள். நாங்கள் அதே பிரதி மத்திமத்தைக் கல்யாணி ராகத்தில் வைத்து மங்களகரம் என்கிறோம். ஆக, பேய் சுரத்தில் இல்லை. மகன் இரவு பதினொரு மணிக்கு மேல் சத்தமாகப் போட்டால் அது வேறு பிரச்சினை, அதற்கு நான் மகன் பக்கம் நிற்கமாட்டேன்.

சேர், நான் வீணை படிக்கிறேன். புளூஸ் கேட்டால் ஏதோ தெரிந்த ராகம் மாதிரி இருக்கிறது. என் காது பிழையா? (பம்பலப்பிட்டி)

உங்கள் காது சரி. ரொக், புளூஸ் கிட்டாரிஸ்டுகள் முதலில் படிக்கும் ஐந்து சுர அளவு ச க ம ப நி. அதாவது சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், கைசிகி நிஷாதம். அது அப்படியே சுத்த தன்யாசி. அதில் ஒரு துளி பிரதி மத்திமத்தைத் தொட்டுக்கொண்டால் புளூஸ் அளவு. அப்புறம் இன்னொரு குறும்பு இருக்கிறது. பின்னணியில் வாசிக்கும் கோர்ட்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) அந்தர காந்தாரம் இருக்கும், மேலே பாடும் கிட்டாரோ சாதாரண காந்தாரத்தில் நின்று கம்பியை வளைத்து இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ போய்த் தொங்கும். அந்த உரசல்தான் புளூஸின் உயிர்.

புளூஸ் கிட்டாரிஸ்ட் பி. பி. கிங்கைக் கேளுங்கள். ஒரே சுரத்தில் நின்று இடக்கை விரலை நடுங்க விடுவார், உங்களுக்குக் கமகம் என்று உடனே பிடிபடும். கோர்ட் வாசிப்பதில் தான் மோசம் என்று அவரே ஒத்துக்கொண்டவர். தன் கிட்டார்களுக்கு லூசில் என்று பெயர் வைத்த கதையும் உண்டு: 1949இல் ஆர்கன்சாவில் ஒரு நடன மண்டபத்தில் இரண்டு பேர் ஒரு பெண்ணுக்காகச் சண்டை பிடித்து மண்ணெண்ணெய் அடுப்பைத் தட்டிவிட, தீ பிடித்தது. வெளியே ஓடிய கிங் கிட்டாரை எடுக்கத் திரும்ப உள்ளே போனார். அந்தப் பெண்ணின் பெயர் லூசில். இனி இப்படி மடத்தனம் செய்யக்கூடாது என்ற ஞாபகத்துக்காக அந்தப் பெயர்.

மெட்டல் பக்கம் போனால் இங்வி மால்ம்ஸ்டீன் ஓட்டமாய் ஓடுவதெல்லாம் பெரும்பாலும் கீரவாணியின் சுரங்கள். ஆனால் ராகம் என்று சொல்லிவிடாதீர்கள், சுரம் ஒன்றானாலும் நடை வேறு.

கிளாப்டன், பெக், பேஜ்: மூன்று பேரில் யார்? (இருவர் கேட்டிருக்கிறீர்கள்)

மூவருமே யார்ட்பேர்ட்ஸ் என்ற ஒரே குழுவில் இருந்தவர்கள், ஒருவர் பின் ஒருவராக. குழு பொப் பக்கம் சாய்கிறது என்று கோபித்துக்கொண்டு 1965இல் கிளாப்டன் விலகினார், பெக் வந்தார், பிறகு பேஜ். பேஜ் 1968இல் அந்தக் குழுவின் மிச்சத்தில் இருந்துதான் லெட் செப்பலினைக் கட்டினார். பாட்டை வீடு மாதிரி அடுக்கிக் கட்டுவதில் பேஜ். ஆனால் பழைய கறுப்பின புளூஸ் கலைஞர்களிடம் எடுத்ததை எடுத்தேன் என்று சொல்லாத பழக்கமும் லெட் செப்பலினிடம் இருந்தது. புளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் வழக்குப் போட்ட பிறகுதான் ஒரு பாட்டில் அவர் பெயர் சேர்ந்தது. தனி வாசிப்புக்கு என் வாக்கு ஜெஃப் பெக்குக்கு. கம்பியை மீட்டும் சின்னத் தகடான பிளெக்ட்ரமை ஒதுக்கிவைத்துவிட்டு வெறும் விரலால் கிட்டாரைப் பாடவைத்தவர்.

பெண்களே இல்லையா, அண்ணா? (மருதானை)

இருக்கிறார்கள், தங்கச்சி, அதுவும் ஆரம்பத்திலேயே. சிஸ்டர் ரொசெட்டா தார்ப், 1915இல் பிறந்தவர். தேவாலயப் பாட்டை மின் கிட்டாரில் முறுக்கி வாசித்தபோது ரொக் அண்ட் ரோல் என்ற பெயரே பரவியிருக்கவில்லை. 1964இல் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தில், மழை ஈரத்தில், கோட்டுப் போட்டுக்கொண்டு அவர் வாசிக்கும் ஒளிப்பதிவு கிடைக்கும். இன்றைக்கே தேடிப் பாருங்கள்.

மெட்டாலிகாவா மெகாடெத்தா? (பெயர் சொல்லவில்லை, சண்டை மூட்ட வந்தவர் போல)

1983இல், முதல் அல்பத்துக்கு முன்பே, மெட்டாலிகா என்ற மெட்டல் குழு தன் கிட்டாரிஸ்ட் டேவ் மஸ்டெய்னை வெளியேற்றியது. அவர் போய் மெகாடெத்தைத் தொடங்கினார். விரல் வித்தைக்கு மெகாடெத், வலக்கைக்கு மெட்டாலிகா. மெட்டாலிகாவின் ஹெட்ஃபீல்டின் வலக்கை மேலும் கீழும் போகாமல் கீழ்நோக்கி மட்டுமே அடிக்கும், அதுவும் நிமிடத்துக்கு 200 தாளத்தட்டைத் தாண்டிய வேகத்தில். என் மாணவர்களிடம் அதைக் கேட்டால் இரண்டாவது நிமிடத்தில் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பவர் கோர்ட்டில் ஏன் இரண்டு சுரம் மட்டும்? (மட்டக்குளி)

டிஸ்டோர்ஷன், அதாவது ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைப்பது, போட்டால் ஒவ்வொரு சுரமும் இன்னொன்றோடு மோதிப் புதுச் சுரங்களைக் கிளப்பும். காந்தாரத்தைச் சேர்த்தால் கூழ். சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் என்றால் கிளம்புகிறவையும் அதே குடும்பம், சுத்தமாக நிற்கும். தம்பூரா போடும் ச–ப தான், கொஞ்சம் கோபத்தோடு.

நம் ஆட்கள் யாராவது? (தமிழில் பாடும் ஆசையுள்ள இளைஞர், வத்தளை)

கொழும்பில் மெட்டல் என்றால் ஸ்டிக்மாட்டா. ஆங்கிலத்தில் பாடுகிறார்கள், கேளுங்கள். இன்னொரு தொடர்பும் சொல்கிறேன். ஆங்கில ஜாஸ்-ரொக் கிட்டாரிஸ்ட் ஜோன் மக்லாக்லின் 1970களில் சக்தி என்ற குழுவைத் தொடங்கினார். அதில் வயலின் வாசித்த எல். சங்கர் சிறுவயதை இலங்கையில் கழித்தவர். தகப்பனார் லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். அந்தக் குழுவுக்காக மக்லாக்லின் கிட்டாரின் கட்டைகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கிக்கொண்டார், வீணை போலக் கம்பியை அழுத்தி இழுக்க. தமிழில் மெட்டல் பாடலாமா என்றால், ஏன் முடியாது? வல்லினம் நிறைந்த மொழி.

கம்பி ஒரு மாதத்திலேயே துருப்பிடிக்கிறது, அண்ணா. (வெள்ளவத்தை)

எங்கள் ஊர் உப்புக்காற்று அப்படி. வாசித்து முடித்ததும் பழைய பருத்திச் சட்டைத் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியோடு சேர்த்துத் துடையுங்கள், சுவரில் தொங்கவிடாமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பையை எறியாமல் அதற்குள் போடுங்கள். பூச்சுப் போட்ட கம்பி விலை கூட, ஆனால் கடற்கரை வீட்டுக்கு அது மிச்சம். காலி வீதியில் ஒரு கடையில் பாதி விலைக்கு வாங்கி நான் ஏமாந்தேன்; உறையில் பெரிய கம்பனிப் பெயர், உள்ளே இருந்தது வேலிக்கம்பி. வாங்கும்போது கம்பியின் நுனியில் இருக்கும் வளையத்தைப் பாருங்கள், முறுக்கு ஒழுங்கில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.