கமரா வாங்குவதற்கு முன்

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து கனடா வந்து ஏழு வருடம். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிடமும் கிடைத்துவிட்டது. இரவில் வெயார்ஹவுஸ் வேலை, சனி ஞாயிறில் கல்யாண வீடியோ. ஸ்காபுரோவில் எங்கட ஆக்கள் பேஸ்மென்ற் (நிலக்கீழ்த் தளம்) வீடுகளில் இருக்கிற வாழ்க்கையை ஆவணப்படமாக எடுக்க விருப்பம். ஊருக்குப் போய் அம்மாவையும் எடுக்க யோசிக்கிறேன். கையில் 4,000 டொலர் இருக்கிறது. நல்ல கமரா ஒன்று வாங்கி, வேலையையும் விட்டுவிட்டு இறங்கலாமா?

பதில்: வேலையை விட வேண்டாம். கமரா வாங்க வேண்டாம். விமான ரிக்கற் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

ரிக்கற்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அகதியாக ஏற்கப்பட்டு வதிவிடம் பெற்ற ஒருவர், தான் தப்பி வந்த நாட்டுக்கே போய் வந்தாலோ அந்த நாட்டுக் கடவுச்சீட்டைப் புதுப்பித்தாலோ, ‘இவருக்கு இனிப் பாதுகாப்புத் தேவையில்லை’ என்று அரசு வழக்குப் போடலாம். 2012 டிசம்பரில் வந்த சட்ட மாற்றத்துக்குப் பிறகு, அதில் தோற்றால் நிரந்தர வதிவிடமும் சேர்ந்து போய்விடும். குடியுரிமை எடுத்தபின் இந்தப் பயம் இல்லை. எடுக்கும் வரை, குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்காமல் அசைய வேண்டாம். ‘படம் எடுக்கத்தான் போனேன்’ என்பது அங்கே எடுபடாது. திரையில் ஓடும் காட்சியே நீங்கள் போனதற்குச் சாட்சியாகிவிடும்.

அம்மாவை அங்கிருக்கும் ஒருவர் எடுத்து அனுப்பலாம். ஆனால் அவருக்கு ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: பிரேம் வேகம் (செக்கனுக்கு எத்தனை படம்) இரண்டு நாட்டிலும் ஒன்றே, 23.976. ஷட்டர் (ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் விழும் நேரம்) இங்கே 1/60 செக்கன், அங்கே 1/50. கனடாவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இலங்கையில் 50. இங்கத்தைய ஷட்டரை அப்படியே அங்கே வைத்தால் ரியூப் லைட் வெளிச்சத்தில் படம் முழுக்கப் பட்டை பட்டையாகத் துடிக்கும், எடிற்றிங்கில் அதைச் சரிக்கட்டுவது பெரும்பாடு. மலிவான எல்ஈடி விளக்குகள் இதற்கும் அடங்காமல் துடிப்பதுண்டு. முதலில் அரை நிமிடம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

இனிக் கமரா. கல்யாண வீடியோவுக்கு வைத்திருப்பதே போதும். காசை ஒலியில் போடுங்கள்: சட்டையில் குத்தும் வயர்லெஸ் மைக் ஒரு சோடி, நேரே முன்னால் வரும் ஒலியை எடுக்கும் ஷொட்கன் மைக் ஒன்று, நல்ல ஹெட்போன். ஒலிப்பதிவின் தரத்தை 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் என்று வைத்துப் பதியுங்கள். கல்யாண வீடியோவில் பாட்டைப் போட்டு ஒலியை மூடிவிடலாம், இங்கே அந்த வழி இல்லை. பேஸ்மென்றில், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் பெரும்பாலும் பக்கத்து அறையிலேயே இரைந்துகொண்டிருக்கும். நேர்காணலுக்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்டு வெப்பத்தைச் சற்றுக் குறைத்து வையுங்கள். பிறிட்ஜின் வயரைக் கழற்றுங்கள். கழற்றியதும் உங்கள் கார்ச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிட்டால் திரும்ப மாட்ட மறக்க மாட்டீர்கள் (அந்த வீட்டு மீன்குழம்பும் தப்பும்). எங்கட வீடுகளில் ரீவி ஓயாது. அதில் ஓடும் சினிமாப் பாட்டு உங்கள் பதிவில் விழுந்தால் உரிமைக் காசு கேட்பார்கள். காசு கொடுத்தாலும், நீங்கள் வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் பாட்டுத் துள்ளும்.

4கே தரத்தில் செக்கனுக்கு 100 மெகாபிற் என்று பதிந்தால் ஒரு மணி நேரப் படம் 45 ஜீபி இடம் பிடிக்கும். 30 மணி நேரம் எடுத்தால் 1.35 ரீபி. மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். குளிர் காலத்தில் வெளியே எடுத்துவிட்டு உள்ளே வரும்போது கமராவைப் பையைப் பூட்டியபடியே ஒரு மணி நேரம் விடுங்கள். உடனே திறந்தால் லென்ஸுக்குள்ளும் ஈரம் படியும். பற்றரிகளை உடம்போடு ஒட்டிய பொக்கற்றில் வையுங்கள்.

உங்கள் படம் எங்கே முறியும் என்றால், சம்மதத்தில்தான். மேலே இருக்கும் வீட்டுக்காரர் அனுமதி எடுக்காமல் பேஸ்மென்றை வாடகைக்கு விட்டிருக்கலாம். உங்கள் படத்தைப் பார்த்து நகரசபை வந்தால் தெருவுக்கு வருவது அந்த வாடகைக் குடும்பம். அகதிக் கோரிக்கை இன்னும் முடியாத ஒருவர் கமராவுக்கு முன் ஒரு திகதியை மாற்றிச் சொன்னால், அது அவர் கொடுத்த வாக்குமூலத்தோடு முரண்படும். அப்படிப்பட்டவரின் முகத்தை வழக்கு முடியும்வரை எடுக்காதீர்கள். பிறகு மங்கலாக்கலாம் என்று எண்ணவும் வேண்டாம், குரலே காட்டிக் கொடுக்கும். வீட்டிலக்கமும் கடிதப் பெட்டியும் சட்டகத்துக்குள் வரக்கூடாது. சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்தோடு கமராவிலும் ‘ஓம்’ என்று சொல்ல வையுங்கள். வெட்டி முடிந்ததும் அவரவர் பகுதியை அவரவருக்குப் போட்டுக் காட்டுங்கள். சொந்தக்காரர் என்றால் கட்டாயம். ‘தம்பிதானே எடுக்கிறான்’ என்று யோசிக்காமல் பேசியிருப்பார்கள்.

எடிற்றிங்குக்கு டாவின்சி ரிசோல்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்புத் தாராளம். வீட்டில் நல்ல கணினி இல்லையென்றால் ரொறொன்ரோ பொது நூலகத்தின் ஸ்காபுரோ சிவிக் சென்ரர் கிளையில் நூலக அட்டையோடு வீடியோக் கணினிகளைப் பதிவு செய்யலாம்.

நிதிக்கு நிரந்தர வதிவிடம் உள்ளவர் கனடா கலை மன்றத்தில் (Canada Council for the Arts) விண்ணப்பிக்கலாம். ஆனால் முதலில் அவர்களின் இணையத்தளத்தில் கலைஞராகப் பதிந்து ஒப்புதல் பெற வேண்டும். கடைசித் திகதிக்கு ஒரு மாதம் முன்னரே அதைச் செய்யாமல் வாய்ப்பை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீடியோ அங்கே தகுதியாகாது, நாலு பேர் முன் திரையிட்ட படைப்பு வேண்டும். ஆகவே முதலில் ஒரே வீடு, ஒரே குடும்பம், பத்து நிமிடம். வேலைக்குப் போய்க்கொண்டே ஆறு மாதத்தில் முடிக்கலாம். முடிந்ததும் உள்ளூர்த் திரைப்பட விழாக்களுக்கு அனுப்புங்கள். ரொறொன்ரோவின் ஹொட் டொக்ஸ் ஆவணப்பட விழா பெரிய இடம், அங்கேயும் அனுப்பலாம், ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். விழாவில் தேர்வாகும்வரை இணையத்தில் ஏற்றவே வேண்டாம், சில விழாக்கள் அதைக் காரணம் காட்டித் தள்ளிவிடும்.

சப்ரைற்றிலுக்கு நேரம் ஒதுக்குங்கள். ஒரு தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு 42 எழுத்து என்பது பொதுவான அளவு. அம்மா ‘சாப்பிட்டியோ’ என்று கேட்பதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் அது சோற்றைப் பற்றிய கேள்வியாக மட்டும் நிற்கும். தமிழ் தெரியாத ஒருவரை இருத்தி, ஒலியை நிறுத்திவிட்டு, எழுத்தை மட்டும் வாசிக்க வைத்துப் பாருங்கள். அவர் எங்கே முழிக்கிறாரோ அந்த வரியைத் திரும்ப எழுதுங்கள்.