கடை வேலைக்கான பயிற்சியில் எதில் முதலில் தேற வேண்டும்?

"சிரித்துப் பேசத் தெரிந்தால் போதாதா, கல்லாவுக்கு என்ன பயிற்சி?" என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லாவுக்குத்தான் அதிகம் தேவை.

வாடிக்கையாளர் நோட்டை நீட்டியதும் தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள். மீதி கொடுத்து முடிக்கும்வரை அந்த நோட்டு கல்லாவுக்குள் போகவே கூடாது. கண்ணெதிரே மேலேயே இருக்கட்டும். உள்ளே போட்டுவிட்டால், "நான் கொடுத்தது 500" என்று அவர் சொல்லும்போது எடுத்துக்காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. மீதியைக் கழித்துப் பார்க்காமல் கூட்டிக்கொண்டே போங்கள்: பில் 368 என்றால் 2 வைத்து 370, 30 வைத்து 400, 100 வைத்து 500. அவரும் கூடவே எண்ணிவிடுவார்.

பார்கோடு படிக்கவில்லையா? அதன் கீழுள்ள எண்ணைத் தட்டுங்கள். 13 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. ஓர் இலக்கம் பிசகினாலும் அது காட்டிக்கொடுக்கும். அவசரத்தில் பக்கத்துப் பொருளை ஸ்கேன் செய்வதுதான் பெரிய தவறு. விலை ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு பொருளின் இருப்புக் கணக்கும் கெட்டுவிடும்.

புகார் வந்தால் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "பொத்தான் உடைந்திருக்கிறது, மாற்றித் தர வேண்டும், சரிதானே?" என்று திருப்பிச் சொல்லுங்கள். கடை விதியைப் பிறகு பேசலாம். இதை இருவர் இருவராக நடித்துப் பழக வைக்காத பயிற்சியில் சேராதீர்கள்.