12 அடி ஸ்லிப்ல 30 அடி பாய்மரப் படகை காத்துக்கு நடுவுல எப்படி இடிக்காம நிறுத்துறது?

30 அடி படகு புதுசா வாங்கியிருக்கீங்க, சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுல கிடைச்ச ஸ்லிப் (படகு நிறுத்தற இடம்) 12 அடி அகலம்தான், மத்தியானம் திரும்பி வரும்போது பக்கவாட்டுல காத்து தள்ளுது, உள்ள நுழையறதுக்குள்ள உயிர் போய் உயிர் வருதுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு நல்லா புரியுது. நானும் பெர்க்லி பக்கம் ஒம்போது வருஷமா ஒரு பழைய கேட்டலினா 30 (அதுவும் 30 அடி பாய்மரப் படகுதான்) வச்சிருக்கேன், முதல் வருஷம் பூரா இதே பயம்தான்.

முதல்ல என் கதைய சொல்லிடறேன், ஏன்னா நீங்க பண்ணப் போற தப்பும் அநேகமா அதுதான். ஜூலை மாசம், சாயங்காலம் நாலு மணி இருக்கும், நல்ல மேற்குக் காத்து (நம்ம கடற்கரைல கச்சான்னு சொல்லுவாங்களே அந்தத் திசை), நான் ஸ்டியரிங்ல, மனைவி முன்னாடி கயிறோட நிக்கறா, டாக்ல (படகு கட்டற மேடைல) யாரோ ஒரு நல்ல மனுஷர் கைய நீட்டி "கயிறை போடுங்க"ன்னாரு, அவளும் முன்கயிறை தூக்கிப் போட்டா. அவரு உதவி பண்ணணும்னு நெனச்சு பலமா இழுத்தாரு. மூக்கு டாக் பக்கம் திரும்புச்சு, பின்பக்கம் அப்படியே காத்தோட வெளிய சுத்திப் போய் பக்கத்து படகோட கம்பிவேலித் தூணை வளைச்சிடுச்சு. அந்தப் படகுக்காரருக்கு நான்தான் காசு குடுத்தேன், குடுக்கணும்தான். அன்னிக்கு ராத்திரி தூங்கல. அதுல தெரிஞ்சுகிட்டது ஒரே விஷயம்: முதல்ல கட்ட வேண்டிய கயிறு முன்கயிறு கிடையாது, படகோட நடுவுல இருந்து பின்னாடி போற ஸ்பிரிங் கயிறு, அதாவது படகு முன்னாடி ஓடிடாம பிடிச்சு நிறுத்தற கயிறு. இது ஒண்ணு சரியா விழுந்துட்டா மத்த மூணு கயிறையும் நிதானமா கட்டிக்கலாம்.

அது எப்படின்னு சொல்றேன். காத்தே இல்லாத ஒரு காலைல படகை ஸ்லிப்ல எங்க நிக்கணுமோ அங்க சரியா நிறுத்துங்க, மூக்குக்கும் முன்னாடி இருக்கிற டாக்குக்கும் ஒண்ணரை ரெண்டு அடி இடைவெளி இருக்கட்டும். இப்போ படகு நடுவுல இருக்கிற க்ளீட்ல (கயிறு கட்டற கொம்புல) இருந்து, ஃபிங்கரோட, அதாவது ஸ்லிப் பக்கவாட்டுல நீளுற ஒடுக்கமான மேடையோட, வெளி முனைல (நீங்க நுழையற பக்கம்) இருக்கிற க்ளீட் வரைக்கும் ஒரு கயிறை இறுக்கமா பிடிச்சு அளந்துக்கோங்க. அந்த அளவுல ஒரு முனைல பெரிய வளையம் போட்டு, இன்னொரு முனைய படகுலயே நிரந்தரமா கட்டிடுங்க. பழைய படகுல நடுவுல க்ளீட் இருக்காது, அப்போ முன்பாய் கயிறு ஓடுற டிராக்ல ஏத்தற மாதிரி க்ளீட் கடைல கிடைக்கும், அதை வாங்கி மாட்டுங்க. கயிறு அரை அங்குல நைலான் போதும், நைலான் கொஞ்சம் இழுபடும், அதனால படகு நிக்கும்போது வெடுக்குன்னு இழுக்காது. வளையம் மடிஞ்சு போகாம இருக்க தோட்டத்துக்கு தண்ணி விடற ஹோஸ்ல ஒரு துண்டு வெட்டி அதுக்குள்ள கயிறை நுழைச்சு வச்சேன், இப்போ வளையம் எப்பவும் வாயை திறந்துகிட்டே இருக்கு, படகு கொக்கியால எட்டி க்ளீட்ல போட்டுடலாம், யாரும் குதிக்கவே வேண்டாம்.

இனி நுழையும்போது ஃபிங்கர் முனைய தாண்டுறப்போ அந்த வளையத்தை க்ளீட்ல போடணும், அவ்வளவுதான். படகு முன்னாடி போய், கயிறு இறுகி, அளந்து வச்ச இடத்துல தானா நின்னுடும். நின்னதும் எஞ்சினை முன் கியர்லயே ஐடில்ல விட்டுடுங்க, ஃபிங்கர் இடது பக்கம்னா சக்கரத்தை முழுசா வலது பக்கம் திருப்புங்க (சக்கரத்துக்கு பதிலா டில்லர்ங்கற கைப்பிடிக் கட்டை வச்ச படகுன்னா டில்லரை ஃபிங்கர் பக்கம் தள்ளணும்). ப்ரொப்பெல்லர் தள்ளுற தண்ணி சுக்கான்ல பட்டு பின்பக்கத்தை ஃபிங்கரோட சேர்த்து அழுத்தும், ஸ்பிரிங் கயிறு முன்பக்கத்தை விடாது, படகு ஒட்டி வச்ச மாதிரி நிக்கும். முதல் தடவை இதைப் பாத்தப்போ எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, 20 நாட் (மணிக்கு சுமார் 37 கிலோமீட்டர்) காத்துல நாலரை டன் படகு ஒத்தை கயிறுல அசையாம நிக்குது. மத்த கயிறெல்லாம் கட்டி முடிக்கற வரைக்கும் கியரை நியூட்ரலுக்கு கொண்டு வராதீங்க.

ரெண்டு பக்கமும் ஃபிங்கர் இருந்தா எந்தப் பக்கம் ஸ்பிரிங் போடறது? காத்து எந்தப் பக்கத்துல இருந்து வருதோ அந்தப் பக்கம். மறு பக்கம் விட்டா படகு அதுவா போய் சாஞ்சுக்கும், அங்க கயிறுக்கு அவசரமே இல்ல.

அகல விஷயத்துல ஒரு கணக்கு போட்டுக்கோங்க. என் படகோட அகலம் 10 அடி 10 அங்குலம், உங்களதும் அந்த அளவுதான் இருக்கும்னு வச்சுக்குவோம், 12 அடி ஸ்லிப்ல மிச்சம் 14 அங்குலம். இப்போ ரெண்டு பக்கமும் 8 அங்குல ஃபெண்டர் (இடி தாங்கற காத்தடைச்ச உருளை) தொங்கவிட்டா 16 ஆச்சு, உள்ள போகவே போகாது, பாதில சிக்கிக்கும். நிறைய பேரு பயத்துல ஃபெண்டரை கூட்டிகிட்டே போவாங்க, அதுதான் மாட்டிவிடும். படகுல காத்தடிக்கிற பக்கம் ஒண்ணு ரெண்டு சன்னமான ஃபெண்டர் போதும், மறு பக்கத்துக்கு டாக் ஓரத்துலயே ரப்பர் பட்டை அடிச்சுடுங்க, முக்கியமா நுழையற மூலைல.

ப்ரொப்பெல்லர் எந்தப் பக்கம் இழுக்குதுன்னு தெரியாம உள்ள போகாதீங்க. ரிவர்ஸ் போட்டா படகு நேரா பின்னாடி போகாது, பின்பக்கம் ஒரு பக்கமா நடக்கும். பெரும்பாலான டீசல் படகுல அது இடது பக்கம், பழைய அட்டாமிக் 4 பெட்ரோல் எஞ்சின் படகுன்னா வலது பக்கம். கட்டியிருக்கும்போதே ரிவர்ஸ்ல போட்டு பாருங்க, தண்ணி எந்தப் பக்கம் நுரைச்சு வெளிய வருதோ அதுக்கு எதிர்ப்பக்கம்தான் பின்பக்கம் போகும். இடது பக்கம் நடக்குற படகை குறுகலான இடத்துல வலது பக்கமா திருப்பறது சுலபம், முன்னாடி ஒரு சின்ன தள்ளு, பின்னாடி ஒரு சின்ன தள்ளுன்னு மாத்தி மாத்தி குடுத்தா நின்ன இடத்துலயே சுத்தும்.

வேகம் பத்தி எல்லாரும் மெதுவா வாங்கன்னு சொல்லுவாங்க, பாதி சரி. 2 நாட்ல வந்தா ஒரு செகண்டுக்கு 1 மீட்டர், 30 அடி படகு முழுசா உள்ள போக ஒம்போது செகண்டுதான், அதுக்குள்ள யோசிக்க நேரமில்ல, அதுவும் இடிக்கிற பலம் வேகத்தோட வர்க்கமா ஏறும். ஆனா ரொம்ப மெதுவா வந்தா கீலுக்கும் (படகு அடில தொங்குற கனமான தகடு) சுக்கானுக்கும் தண்ணில பிடிப்பு போயிடும், மூக்கு காத்தோட அடிச்சுகிட்டு போகும். சுக்கான் சொன்ன பேச்சு கேக்கற அளவுக்கு மட்டும் வேகம் வச்சுக்கோங்க, எனக்கு அது ஒண்ணரை நாட் கிட்ட வருது, உங்க படகுக்கு வெளிய திறந்த தண்ணில ஒரு ஃபெண்டரை மிதக்கவிட்டு அதுகிட்ட போய் போய் நிறுத்திப் பாத்து கண்டுபிடிங்க. ஒரு மணி நேரம் இதைப் பண்ணா போதும்.

ஸ்லிப் வரிசைக்கு நடுவுல இருக்கிற பாதைல வரும்போது நடுவுல வராதீங்க, காத்து வர்ற பக்கம் ஒட்டி வாங்க, அப்போதான் திரும்பறது சரியா அமையலன்னா பின்வாங்க இடம் இருக்கும். பின்வாங்கறது தோல்வி கிடையாது. நான் இன்னிக்கும் மாசத்துல ஒரு தடவையாவது விட்டுட்டு ரிவர்ஸ்லயே வெளிய போய் மறுபடி வருவேன். ரிவர்ஸ்ல போகும்போது பின்பக்கம் காத்தைப் பாத்து நிக்கறதால படகு நல்லா சொன்ன பேச்சு கேக்கும், சக்கரத்தை மட்டும் கெட்டியா பிடிங்க, சுக்கான் திடீர்னு ஒரு பக்கமா அடிச்சுடும்.

அப்புறம் இது ரொம்ப முக்கியம், தயவு செஞ்சு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க: படகுக்கும் டாக்குக்கும் நடுவுல கையோ காலோ போகக் கூடாது. நாலரை டன்னை யாரும் காலால நிறுத்த முடியாது. ஃபைபர்கிளாஸ் உடைஞ்சா ஒட்டிக்கலாம். டாக்ல நிக்கறவங்க உதவிக்கு வந்தா அன்பா "நன்றி, நாங்க பாத்துக்கறோம், ஸ்பிரிங் வளையத்தை மட்டும் அந்த க்ளீட்ல போடுங்க, இழுக்காதீங்க"ன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.

கோடைல இங்க மத்தியானக் காத்து ஏன் இப்படி வருதுன்னா உள்நாட்டு பள்ளத்தாக்கு சூடாகி, கடல் காத்தை கோல்டன் கேட் (விரிகுடாவோட வாய்) வழியா உறிஞ்சுது, பெர்க்லி அதுக்கு நேர் எதிர்ல இருக்கு. 10 நாட் 20 ஆனா படகு மேல தள்ளுற பலம் ரெண்டு மடங்கில்ல, நாலு மடங்கு. அதனால முதல் ரெண்டு மாசம் காலைல சீக்கிரம் போயிட்டு 11 மணிக்குள்ள திரும்பிடுங்க, ஸ்பிரிங் கயிறு பழக்கமாகட்டும், அப்புறம் மத்தியானத்துக்கு மாறலாம்.

உங்க ஸ்லிப் எந்தத் திசைய பாத்து இருக்கு, ஃபிங்கர் எந்தப் பக்கம், ரிவர்ஸ்ல எந்தப் பக்கம் நடக்குதுன்னு கீழ எழுதுங்க, முதல் கயிறை எங்க கட்டறதுன்னு சேர்ந்து பாப்போம்.