பெரைன் கத்ரின் உண்மையிலேயே ஏழாம் ஹென்றியின் கொள்ளுப்பேத்தியா?

கேட்டிருப்பது இதுதான்: பெரைன் கத்ரின் என்ற 16ஆம் நூற்றாண்டு வேல்ஷ் சீமாட்டியைச் சில வம்சாவளிகள் இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியின் கொள்ளுப்பேத்தி என்று காட்டுகின்றன, சில காட்டுவதில்லை. எதை நம்புவது? இப்படி ஒரு உறவு தகராறில் இருந்தால் எப்படி முடிவுக்கு வருவது?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கொள்ளுப்பேத்தி என்று உறுதியாக எழுதக் கூடாது என்பது என் கருத்து. இந்த முடிவுக்கு வர எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. வந்த வழியையும் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும்.

நான் கார்டிஃபில் வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை செய்யும் தோழி ஒருவர் வடக்கு வேல்ஸில் டென்பிக் பக்கத்துக்காரர். அவருடைய அம்மா இறந்தபோது ஒரு பெட்டி நிறையக் காகிதம் விட்டுப் போயிருந்தார். அதில் ஒன்று, பல தாள்களைப் பசை போட்டு ஒட்டி நீட்டிய ஒரு வம்சாவளி. மேசையில் விரித்தால் இரண்டு பக்கமும் தொங்கும். எல்லாப் பெயர்களும் நீல மையில் இருக்க, உச்சியில் ஒரே ஒரு பெயர் மட்டும் சிவப்பு மையில்: ஏழாம் ஹென்றி. "அம்மா இதை அவ்வளவு நம்பினார். நிஜமா என்று பார்த்துச் சொல்கிறாயா?" என்று கேட்டார். பொய்யாக ஆமாம் சொல்லவும் மனசு வரவில்லை, பார்க்காமல் இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை.

கத்ரினின் ஓவியம் கார்டிஃப் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1568இல் வரைந்தது. கறுப்பு உடை, கழுத்தைச் சுற்றி வெள்ளைச் சுருக்கம், வெளிறிய முகம், ஒரு கை மண்டையோட்டின் மேல். இத்தனைக்கும் அப்போது அவருக்கு வயது முப்பத்து சொச்சம்தான். வேல்ஷ் மக்கள் இவரை 'மாம் கம்ரி' என்பார்கள், வேல்ஸின் தாய் என்று பொருள். நாலு முறை கல்யாணம் செய்தவர்: லெவெனி ஊரைச் சேர்ந்த ஜான் சால்ஸ்பரி, ஆண்ட்வெர்ப்பில் வியாபாரம் பார்த்த சர் ரிச்சர்ட் கிளஃப், குவிடிரைச் சேர்ந்த மாரிஸ் வின், கடைசியாக எட்வர்ட் தெல்வால். முதல் மூன்று கணவர்கள் மூலம் பிறந்த பிள்ளைகளின் வழியாக வடக்கு வேல்ஸின் பெரிய குடும்பங்கள் பலவும் இவரிடம் வந்து சேரும். அதனால்தான் இந்த ஒரு உறவில் இவ்வளவு சர்ச்சை. இவர் ராஜ வம்சம் என்றால், அவர்கள் எல்லோரும் ராஜ வம்சம்.

கதை எங்கே ஆரம்பிக்கிறது என்றால், கத்ரினின் அம்மா ஜேன். ஜேனின் அப்பா சர் ரோலண்ட் டி வெல்வில். இந்த ரோலண்ட், ஹென்றி பிரிட்டனி நாட்டில் (இன்றைய பிரான்ஸின் வடமேற்குப் பகுதி) அகதியாக இருந்த காலத்தில் கல்யாணம் ஆகாமல் பெற்ற மகன் என்பது வாதம். அது உண்மையானால், ஜேனும் முதலாம் எலிசபெத் ராணியும் அண்ணன் தம்பி பிள்ளைகள். அதாவது எலிசபெத், கத்ரினுக்குச் சித்தி முறை. எலிசபெத் பிறந்தது 1533, கத்ரின் பிறந்தது ஏறக்குறைய 1535. சித்திக்கும் மகளுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம்! நான் எந்த வம்சாவளியைப் பார்த்தாலும் முதலில் இப்படி நம் முறை வைத்துச் சொல்லிப் பார்ப்பேன். ஆங்கிலத்தில் 'கசின்' என்று ஒரே சொல்லில் மூடி மறைந்து கிடப்பது, நம் சொல்லில் சொன்னதும் தலைமுறை பொருந்துகிறதா இல்லையா என்று பளிச்சென்று தெரிந்துவிடும். இங்கே பொருந்துகிறது. ஆனால் பொருந்துவது வேறு, நிரூபணமாவது வேறு.

ரோலண்டைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை இவ்வளவுதான். பிரிட்டனியிலிருந்து வந்தவர். 1490களில் அரசவையில் குதிரை ஈட்டிப் போட்டிகளில் கலந்துகொண்டவர், ராஜாவோடு வேட்டைக்குப் போகிறவர். 1497இல் கார்ன்வால் கலகக்காரர்களைத் தோற்கடித்த பிளாக்ஹீத் சண்டைக்குப் பிறகு நைட் பட்டம். 1509இல் எட்டாம் ஹென்றி பட்டத்துக்கு வந்ததும் ஆங்கிள்சி தீவில் போமாரிஸ் கோட்டைக்கு அதிகாரி. பென்ரின் கிரிஃபித் குடும்பத்துப் பெண் ஆக்னஸை மணந்தார். 1535இல் இறந்தார்.

வெளிநாட்டிலிருந்து வந்த, பெரிய சொத்து எதுவும் இல்லாத ஒரு பையனுக்கு ராஜா ஏன் இவ்வளவு செய்தார்? இந்தக் கேள்விதான் எல்லோரையும் இழுக்கிறது. கூடவே ஒரு பாட்டு இருக்கிறது. அவர் இறந்ததும் வேல்ஷ் புலவர் ஒருவர் பாடிய இரங்கற்பாவில், அரச வழியில் வந்தவர், ஏர்ல்களின் இரத்தம் என்று வருகிறது (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்). ஏழாம் ஹென்றி பட்டத்துக்கு வருமுன் ரிச்மண்ட் ஏர்ல். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. தோழியின் அம்மாவும் இந்த வரியைத் தனியாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வம்சாவளியோடு குண்டூசியால் குத்தி வைத்திருந்தார்.

அந்தச் சிலிர்ப்பு அடங்கிய பிறகுதான் வேலையே ஆரம்பம். பாட்டைப் பாடியது யார், யாருக்காக, எதற்காக? வேல்ஷ் புலவர்களுக்கு வம்சாவளி என்பது தொழிலின் பாதி. பழைய வேல்ஷ் சட்டத்தில் ஒருவன் கொலை செய்தால் நஷ்டஈட்டைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். நிலமும் பிள்ளைகளுக்குள் பிரியும், அப்பா ஒப்புக்கொண்டால் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகனுக்கும் பங்கு உண்டு. ஆகவே யாருக்கு யார் என்ன முறை என்பதைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருக்க வேண்டியது வாழ்வுக்கே தேவையாக இருந்தது. 1284இல் இங்கிலாந்து அரசு திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்களின் பங்கை நிறுத்தியது. 1536க்குப் பிறகு ஆங்கிலச் சட்டம் முழுசாக வந்தது. சட்டத் தேவை போன பிறகும் வம்சாவளி போகவில்லை. அது மதிப்பாக மாறியது. நிலம் குறைந்த குடும்பம்கூட வம்சத்தைக் காட்டித் தலை நிமிர்ந்து நின்றது. லூயிஸ் டன் என்ற புலவர் 1586இல் வேல்ஸ் முழுமைக்கும் வம்சாவளி பதியும் அதிகாரியாக நியமனம் பெற்று வீடு வீடாகப் போனார், குடும்பத் தலைவர்கள் பணம் கொடுத்துக் கையெழுத்தும் போட்டார்கள். அருமையான ஆவணம்தான். ஆனால் அது குடும்பம் தன்னைப் பற்றித் தானே சொன்ன வாக்குமூலம். அந்த வருஷத்தில் ரோலண்ட் இறந்து 51 வருஷம் ஆகியிருந்தது.

புலவர்கள் பொய்யர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஒதுக்குவது பெரிய தவறு. வேல்ஷ் வம்சாவளி ஏடுகளைச் சாதாரண ஜனங்கள் விஷயத்தில் நிலப் பத்திரங்களோடு ஒப்பிட்டால் வியக்கும் அளவுக்குச் சரியாக இருக்கிற இடங்கள் உண்டு. பி. சி. பார்ட்ரம் என்ற வானிலை ஆய்வாளர், வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து அந்த ஏடுகளைத் தொகுத்தார். 1400 வரையிலான வம்சங்களே எட்டுத் தொகுதி. வேல்ஷ் வம்சாவளியில் கை வைக்கிற யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் இரங்கற்பா வேறு வகை. செத்தவருடைய வீட்டில், அவர் மனைவி மக்கள் முன்னால் பாடுவது அது. அங்கே அரச இரத்தம் என்பது தகவலா, புகழா என்று பாட்டை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

அடுத்து நான் செய்தது சாட்சிகளை எண்ணியது. தோழியின் அம்மா பன்னிரண்டு இடங்களில் இந்த உறவைப் பார்த்ததாகக் குறித்திருந்தார். பன்னிரண்டையும் தேடி எடுத்து, எது எதைப் பார்த்து எழுதியது என்று அம்புக்குறி போட்டேன். இணையதள மரங்கள் ஒன்றையொன்று நகலெடுத்தவை. அவை 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களிலிருந்து. அந்தப் புத்தகங்கள் பயண எழுத்தாளர் தாமஸ் பென்னன்ட் காலத்துக் கதைகளிலிருந்து. கத்ரினின் வழியில் வந்த ஹெஸ்டர் பியோஸ்ஸி என்ற எழுத்தாளர் 18ஆம் நூற்றாண்டில் கத்ரினை எலிசபெத் ராணியின் உறவுக்காரி என்று எழுதிவைத்ததும் சேர்ந்துகொண்டது. கடைசியில் பன்னிரண்டு சாட்சிகள் இரண்டாகச் சுருங்கினார்கள்: அந்தப் பாட்டு, அப்புறம் குடும்பத்துக்குள் ஓடிய பேச்சு. ரோலண்ட் உயிரோடு இருந்தபோது எழுதிய ஒரு அரசு ஆவணமும் அதில் இல்லை.

எதிர்ப்பக்கம் பார்ப்போம். 1512இல் ரோலண்டுக்குக் குடியுரிமைப் பத்திரம் கொடுத்திருக்கிறார்கள். அதில் அவர் பிரிட்டனியில் பிறந்தவர் என்று இருக்கிறது, ராஜாவின் மகன் என்று இல்லை. வெளிநாட்டில் திருமணத்துக்கு வெளியே பிறந்த ராஜா மகனுக்கும் அந்தப் பத்திரம் தேவைப்பட்டிருக்கலாம், அதனால் இதை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எனக்குக் கனமாகப் படுவது வேறு ஒன்று. அந்தக் காலத்து ராஜாக்கள் இப்படிப் பிறந்த பிள்ளைகளை மறைப்பது வழக்கமில்லை. எட்டாம் ஹென்றி 1519இல் பிறந்த தன் மகனுக்கு 'ராஜாவின் மகன்' என்றே பொருள்படும் ஃபிட்ஸ்ராய் என்ற பெயரைக் கொடுத்து, 1525இல் ரிச்மண்ட் டியூக்காக ஆக்கினார். மூன்றாம் ரிச்சர்டும் தன் மகனை ஒப்புக்கொண்டார். ரோலண்டோ டி வெல்வில் என்ற தனிக் குடும்பப் பெயரோடுதான் வருகிறார். தந்தையும் சொல்லவில்லை, தம்பி முறையாகிற எட்டாம் ஹென்றியும் சொல்லவில்லை.

ஒப்புக்கொண்ட உறவு எப்படி இருக்கும் என்று பார்க்க வேறெங்கும் போக வேண்டாம். கத்ரினின் இரண்டாவது மகன் சர் ஜான் சால்ஸ்பரி 1586இல் கட்டிய பெண் ஊர்சுலா ஸ்டான்லி, டார்பி ஏர்லுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகள். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஏனென்றால் ஏர்ல் அவளை மகளாகவே வைத்திருந்தார். அதே குடும்பத்தில், ஒரு தலைமுறைக்குள் இப்படி ஒரு வெளிச்சமான உதாரணம் இருக்கும்போது ரோலண்ட் விஷயத்தில் இருக்கும் மௌனம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

ராஜா ஏன் உதவினார் என்பதற்கு அப்பா மகன் உறவு இல்லாமலே காரணம் சொல்லலாம். ஹென்றி 1471இல், பதினாலு வயதில் ஓடிப்போய், 1484 வரை பிரிட்டனியில் பிறர் தயவில் வாழ்ந்தவர். அங்கே கை கொடுத்த குடும்பத்தின் பையனைக் கூட்டி வந்து வளர்த்திருக்கலாம். 1991இல் ராபின்சன் என்ற வரலாற்றாய்வாளர் ஆவணங்களை மறுபடி அலசி, மகன் என்ற கதையை ஏற்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார். நானும் அந்தப் பக்கம்தான்.

வயசுக் கணக்கு இதில் உதவவில்லை. ரோலண்ட் 1474 வாக்கில் பிறந்திருந்தால் ஹென்றிக்கு அப்போது பதினேழு, நடக்கக்கூடியதுதான். டிஎன்ஏவும் உதவாது. வழி ஜேன் என்ற மகள் மூலம் இறங்குவதால் தந்தை வழிக் குரோமோசோம் அங்கேயே நின்றுவிடும்.

நீங்கள் இதே குடும்பத்தைத் தேடுவதாக இருந்தால் இரண்டு இடத்தில் கவனம் வையுங்கள். கத்ரினின் மாமனார், கணவர், மகன் மூன்று பேரும் ஜான் சால்ஸ்பரி. கணவர் 1566இல் இறந்தார், மாமனார் 1578 வரை இருந்தார், மகன் 1612 வரை. வருஷம் பார்க்காமல் எழுதினால் மாமனார் புருஷன் ஆகிவிடுவார். இன்னொன்று, அந்தக் கால ஆங்கிலத்தில் மருமகனுக்கும் கணவரின் முதல் தாரத்துப் பிள்ளைக்கும் ஒரே சொல். கத்ரின் தன் மகளை நாலாவது கணவரின் மகன் சைமன் தெல்வாலுக்கே கட்டிக் கொடுத்தார். அந்தச் சொல்லைப் பார்த்து எந்த உறவை எழுதினாலும் அவர் விஷயத்தில் சரியாகிவிடும், மற்றவர் விஷயத்தில் ஆகாது.

தோழியிடம் இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மா எழுதிய தாளைத் தொடக் கூடாது என்று இருவருக்கும் தோன்றியது. அதனால் புதுத் தாளில் வரைந்தோம். ரோலண்டுக்கு மேலே பென்சிலில் புள்ளிக் கோடு, பக்கத்தில் 'குடும்பப் பேச்சு. ஆவணம் இல்லை' என்று குறிப்பு.

அப்போதுதான் ஆக்னஸ் பக்கம் பார்த்தோம். பென்ரின் கிரிஃபித்கள், 1246இல் இறந்த எட்னிவெட் வக்கனின் வழி. லிவெலின் இளவரசரின் தலைமை அதிகாரியாக இருந்தவர் அவர். ஏழாம் ஹென்றியின் குடும்பமான டியூடர்களும் அவர் வழிதான். ஆக கத்ரினுக்கு டியூடர்களோடு இரத்த உறவு இருக்கத்தான் செய்கிறது, ரோலண்ட் மூலம் இல்லை, அவர் மனைவி மூலம், பத்துத் தலைமுறைக்கு நெருக்கமான தூரத்தில். தோழி அந்தக் கோட்டைத்தான் இப்போது மையில் எழுதிக்கொண்டிருக்கிறார். போன வாரம் பேசியபோது ஆக்னஸுக்கு மேலே மூன்று தலைமுறை முடித்திருந்தார்.