சி.ஐ.என். 3 என்றால் கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டுமா?

கேள்வி: எனக்கு 34 வயது. ஒரு மகன் இருக்கிறான், இன்னொரு குழந்தைக்கும் ஆசை. வெள்ளைப்படுதலுக்காகப் போனபோது, கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைத் தடவி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை செய்தார்கள். பிறகு சதை எடுத்துச் சோதித்து 'சி.ஐ.என். 3' என்று ரிப்போர்ட் வந்தது. 'லீப்' என்ற சிறு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். "கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் தொல்லை விட்டது" என்கிறார் மாமியார். கணவரோ ஆறு மாதம் பார்க்கலாம் என்கிறார். எனக்கு வந்திருப்பது புற்றுநோயா டாக்டர்?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: இல்லை அம்மா. முதலில் நிதானமாக மூச்சு விடுங்கள். சி.ஐ.என். என்றால் கர்ப்பப்பை வாயின் மேல்தோலில் செல்கள் மாறியிருக்கின்றன என்று பொருள்; 1, 2, 3 என்பவை அந்த மாற்றத்தின் படிகள், 3 தான் கடைசிப் படி. அந்தத் தோலின் அடிக்கோட்டைத் தாண்டி அவை உள்ளே இறங்கினால்தான் அது புற்றுநோய். உங்களுக்கு அவை இன்னும் கோட்டுக்கு இந்தப் பக்கமே இருக்கின்றன. உடலுறவு வழியாகப் பலருக்கும் வந்து போகும் எச்.பி.வி. வைரஸ் நீண்ட நாள் தங்கிவிடுவதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். உங்கள் நடத்தையிலோ சுத்தத்திலோ குற்றம் தேட வேண்டாம்; யாரும் தேடவும் விடாதீர்கள்.

கணவரிடம் ஒரு செய்தியைச் சொல்லுங்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு மகளிர் மருத்துவமனை. 1966 முதல் அங்கே இதே நிலையில் இருந்த பல பெண்களுக்கு முழுச் சிகிச்சை தராமல், என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. 1987-இல் இரண்டு பெண்கள் பத்திரிகையில் எழுதித்தான் அது வெளியே வந்தது. அரசு விசாரணையும் நடந்தது. அந்தப் பழைய ஏடுகளைப் புரட்டிக் கணக்கிட்டு 2008-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. சதை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு விடப்பட்டவர்களில் 30 ஆண்டுகளுக்குள் 100-க்கு 31 பேருக்குப் புற்றுநோய். சரியான சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு ஒருவர்கூட இல்லை, 0.7 சதவீதம்தான். படிக்கும் காலத்தில் இந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அந்தப் பெண்கள் கொடுத்த விலையால்தான் "காத்திருக்காதீர்கள்" என்று உங்களிடம் உறுதியாகச் சொல்ல முடிகிறது. சி.ஐ.என். 2 என்றால், அதுவும் இளம் வயதில், நெருக்கமாகக் கவனித்தபடி பொறுக்கலாம்; ஏறக்குறைய பாதிப்பேருக்கு இரண்டு ஆண்டுகளில் அது தானாகவே மறைகிறது. உங்களுடையது 3.

மாமியாருக்கும் பதில் உண்டு. லீப் என்பது மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் கெட்டுப்போன பகுதியை மட்டும் செதுக்கி எடுப்பது. அந்த இடத்தில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அன்றே வீடு திரும்பலாம். சில வாரங்கள் கசிவு இருக்கும். புண் ஆறும்வரை உடலுறவு வேண்டாம். கர்ப்பப்பை அப்படியே இருக்கும், குழந்தையும் பெறலாம். ஆழமாக எடுத்தால் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு கொஞ்சம் கூடும். அதனால் அடுத்த குழந்தைக்கு ஆசை இருப்பதை இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பமானதும் முதல் செக்கப்பிலேயே லீப் செய்ததையும் சொல்லுங்கள். வெட்டிய சதையின் லேப் ரிப்போர்ட்டைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள். வெட்டிய ஓரம் மாறிய செல்கள் இல்லாமல் சுத்தமாக இருந்ததா என்பது அதில்தான் இருக்கும். பிறகு டாக்டர் குறிக்கும் நாளில் எச்.பி.வி. பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை முகாமில் வினிகர் போல ஏதோ தடவிப் பார்த்து, வெள்ளையாகத் தெரிகிறது, சூடு வைத்தால் போதும் என்றார்கள். பயந்து வந்துவிட்டேன். வயது 45.
– வாசகி, தேனி

பதில்: திரும்பிப் போங்கள். தடவியது நீர்த்த அசெட்டிக் அமிலம்; மாறிய செல்கள் இருக்கும் இடம் அதில் வெள்ளையாகத் தெரியும். 2000 முதல் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இதே முறையில்தான் பரிசோதனை செய்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்தது. உங்கள் பக்கத்து மாவட்டத்துப் பெண்கள் உலகத்துக்குக் காட்டிய கணக்கு இது.

சூடு என்றதும் இரும்பைக் காய்ச்சி வைப்பதை நினைத்திருப்பீர்கள். 100 டிகிரிக்குச் சூடேறும் சிறிய முனையை ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஒற்றி எடுப்பார்கள். மாதவிடாய் வலி போல் இருக்கும், அவ்வளவுதான். அந்த வெள்ளைப் பகுதி கர்ப்பப்பை வாயின் உள்பாதைக்குள் நீண்டாலோ புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தாலோ இது செய்யக் கூடாது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். "உள்வரை முழுசாத் தெரிஞ்சதா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுப் படுங்கள்.